அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, துபாய் விசிட் விசா கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அப்பாவின் பாஸ்போர்ட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் சர்நேம் கட்டம் காலியாக, கிவன் நேம் கட்டத்தில் 'முருகேசன்' என்று மட்டும் இருக்கிறதா? நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே நமக்கு இல்லையே!

2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயருடன் விசிட் விசாவில் வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிப்பதில்லை. அப்புறம் ஒரு விளக்கம் வந்தது: கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகியிருந்தால் அதை ஏற்றுக்கொள்வார்கள். அதனால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து விசா விண்ணப்பத்தோடு அனுப்புங்கள். டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் செக்-இன் கவுன்டரில் நிறுத்துவது அவர்கள்தான். என் மாமாவை அங்கே நிறுத்தி, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்தப் பக்கத்திலும் தந்தை பெயர் இல்லையென்றால், பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூவுக்குக் கொடுத்து, சர்நேம், கிவன் நேம் இரண்டு கட்டங்களிலும் பெயர் வரும்படி மாற்றிக்கொள்வதே நல்லது. ரெசிடென்ட் விசா வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.