சொந்தக் கையால் இன்ஜெக்‌ஷன், அப்புறம் டர்போ: கேள்வி பதில்

ஒரு பழைய கார்புரேட்டர் மாருதி 800-ஐ வீட்டு ஷெட்டில் வைத்து முதலில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கும், இரண்டு வருடம் கழித்து டர்போவுக்கும் மாற்றினேன். அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, சேலத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மாமாவின் கார்புரேட்டர் 800 என்னிடம் இருக்கிறது. முதலில் டர்போ போட்டுவிட்டு அப்புறம் இன்ஜெக்‌ஷன் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. டர்போ என்பது காற்றை உள்ளே திணிக்கும் வேலை. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை அளந்து கொடுக்க ஆள் இல்லையென்றால் பிஸ்டன் போய்விடும். டர்போ இல்லாமலே வண்டியை இன்ஜெக்‌ஷனில் ஆறு மாதம் ஓட்டுங்கள். காலையில் ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆக வேண்டும், ஏ.சி. போட்டால் ஐடிலிங் விழக்கூடாது. அந்த நிலைக்கு வந்த பிறகு டர்போவைப் பற்றி யோசியுங்கள்.

நம் வேலைக்குப் பொருத்தமான முறைக்கு 'ஸ்பீடு டென்சிட்டி' என்று பெயர். எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் காற்றழுத்தம் எவ்வளவு, காற்றின் வெப்பம் எவ்வளவு, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற மூன்றையும் வைத்து, ஒரு உறிஞ்சலில் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போனது என்று ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் சின்னக் கணினி, கணக்குப் போடும். 1967-இல் ஃபோக்ஸ்வாகன் டைப் 3 காரில் வந்த பாஷ் டி-ஜெட்ரானிக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்தது. பெயரில் உள்ள 'டி', அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து.

800-இலேயே பின்னாளில் எம்.பி.எஃப்.ஐ., அதாவது சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்த எஞ்சின், வந்தது. அந்த ஆறு வால்வு எஞ்சினின் மேனிஃபோல்டைப் பழைய இரும்புக் கடையில் தேடுங்கள். பன்னிரண்டு வால்வு எஞ்சினுடையது பொருந்தாது. கேஸ்கட்டை எடுத்துப் போய் போல்ட் துளைகள் மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மெகாஸ்க்விர்ட்டா, ஸ்பீடுயினோவா?

இரண்டிலும் வேலை நடக்கும். 2001 வாக்கில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள், வீட்டில் உட்கார்ந்து சால்டர் வைத்துச் செய்துகொள்ளும் ஈசியூவாக மெகாஸ்க்விர்ட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் செய்கிற எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது அதுதான். ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ மெகா 2560 போர்டின் மேல் ஓடுவது. செலவு குறைவு, நிரலும் திறந்த மூலம். மூன்று சிலிண்டர் 800-க்கு அது தாராளமாகப் போதும். இரண்டையும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளில்தான் ட்யூன் செய்வோம், அதனால் ஒன்றில் கற்றது மற்றதிலும் உதவும்.

கேள்வி: பழைய பெட்ரோல் பம்ப், பழைய ஹோஸ் பைப்பையே வைத்துக்கொள்ளலாமா சார்?

கூடாது. கார்புரேட்டர் பம்ப் கொடுப்பது 0.2, 0.3 பார் அழுத்தம். இன்ஜெக்டருக்கு 3 பார் வேண்டும். பத்து மடங்கு! பழைய ஹோஸ் அந்த அழுத்தத்தில் வியர்க்க ஆரம்பிக்கும், பிறகு பிளக்கும், பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. இன்ஜெக்‌ஷனுக்கென்றே விற்கும் ஹோஸ், அதற்கான கிளிப், டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் மூன்றும் கட்டாயம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலேவை ஈசியூ வழியாகப் போடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூ காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: இன்ஜெக்டர் என்ன சைஸ் வாங்குவது? பழைய இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறது.

கணக்கு எளிது. டர்போ இல்லாத எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 5 சிசி பெட்ரோல், டர்போ என்றால் 6 சிசி என்று வையுங்கள். 800-இன் அசல் சக்தி 37 குதிரைத்திறன். டர்போ வைத்து 60 வேண்டும் என்றால் 60 x 6 = 360. மூன்றால் வகுத்தால் 120. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது, ஆகவே 0.8-ஆல் வகுங்கள்: 150 சிசி. இதற்கு மேல் ரொம்பப் பெரிதாக வாங்கினால் ஐடிலிங் ஒழுங்காக நிற்காது.

மீட்டரில் ஓம்ஸும் பாருங்கள். 12 முதல் 16 வரை காட்டினால் நேரடியாக இணைக்கலாம். 2, 3 என்று காட்டினால் தனி டிரைவரோ ரெசிஸ்டரோ வேண்டும், இல்லையென்றால் ஈசியூ எரிந்துவிடும்.

பழையது வாங்குவதைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டர்போ போட்ட புதிதில், கடையில் 'எல்லாம் ஒரே செட்' என்று சொன்னதை நம்பி மூன்று இன்ஜெக்டர் வாங்கிப் பூட்டினேன். மீட்டரில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு; 1.0 சரி அளவு, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம்) 0.82 நின்றது, நிம்மதியாக ஓட்டினேன். இரண்டாம் வாரம் ஏற்றத்தில் ஒரு நாக்கிங் சத்தம் (பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும் தட்டல்), அப்புறம் ஆயில் டிப்ஸ்டிக் வழியாகப் புகை. பிளக்கைக் கழற்றினால் ஒன்றும் மூன்றும் வெளிர் பழுப்பு. இரண்டாவது பிளக்கின் பீங்கான் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை, அதன் மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். பிஸ்டனை வெளியே எடுத்தபோது இரண்டு ரிங்குக்கும் நடுவில் இருக்கும் விளிம்பு ஒரு பிறைத்துண்டாக உடைந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

பிறகுதான் இன்ஜெக்டர்களை 3 பாரில் அரை நிமிடம் அளவுக் குழாயில் பீய்ச்சிப் பார்த்தேன். ஒன்றாவது 74 மில்லி, மூன்றாவது 75 மில்லி, இரண்டாவது 63 மில்லி. மூன்று சிலிண்டரின் புகையும் சேரும் இடத்தில் இருக்கும் சென்சார் சராசரியைத்தான் காட்டும். மற்ற இரண்டும் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருந்ததால், இரண்டாவது சிலிண்டர் 0.92-இல், டர்போவுக்குப் போதாத பெட்ரோலோடு லீனாக வெந்தது எனக்குத் தெரியவில்லை. அளவுக் குழாய் சில நூறு ரூபாய்தான். அளந்து பார்க்காமல் ஒரு இன்ஜெக்டரையும் பூட்டாதீர்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். வைட்பேண்ட் மீட்டர் அவசியமா? இப்போது வரும் இ20 பெட்ரோலுக்கு 14.7 என்ற கணக்கு சரியா?

அவசியம். எக்ஸாஸ்ட் புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுவது அதுதான். அது இல்லாமல் ட்யூன் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பதுதான். எக்ஸாஸ்டில் பொருத்தும்போது சென்சாரின் முனை கீழே பார்க்க, படுக்கை நிலையிலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் உள்ளே விரிசல் விடும்.

ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. 20 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் அது ஏறக்குறைய 13.5 ஆகிறது. பழைய பெட்ரோலுக்கு ஜெட் வைத்த கார்புரேட்டர் வண்டி இ20-இல் ஏழெட்டு சதவீதம் லீனாக ஓடுவது இதனால்தான். மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள், இந்தக் குழப்பமே வராது. எரிபொருள் எதுவானாலும் 1.0 என்றால் சரி அளவு. நிதான ஓட்டத்தில் 1.0, முழு ஆக்சிலரேட்டரில் 0.87, பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் திணிக்கும் அழுத்தத்தில்) 0.80 என்று தொடங்குங்கள்.

கேள்வி: ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதைப் படிப்புக்கான வண்டியாக, ட்ராக் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்க கோவை செட்டிபாளையத்திலும் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் ட்ராக் இருக்கிறது. என் 800 அங்கே டிரெய்லரில்தான் போகிறது.

கேள்வி: 36-1 பல்சக்கரம் போட்டிருக்கிறேன். 3000 தாண்டினால் ஆர்.பி.எம். திடீரென 7000 காட்டி வண்டி கட் ஆகிறது.

36 பல்லில் ஒன்றை விட்ட அந்தச் சக்கரத்தைக் கிராங்க் சென்சார் வழியாகப் பார்த்துத்தான் ஈசியூ சுற்றை எண்ணுகிறது. உங்கள் சென்சார் கம்பியில் மின் இரைச்சல் ஏறுகிறது. கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ரெசிஸ்டர் பிளக் மாட்டுங்கள். ஈசியூவின் எர்த் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் முடியட்டும், பாடியில் வேண்டாம். சென்சார் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். லேத்தில் வெட்டிய சக்கரம் ஆடினால் ஒரு சுற்றுக்குள்ளேயே இடைவெளி மாறும். கையால் சுற்றி, ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். டீசல் ஸ்விஃப்ட்டின் டர்போ கையில் இருக்கிறது. அதை 800-இல் போட்டு ஒரு பார் பூஸ்ட் வைக்கலாமா? இன்டர்கூலர் வேண்டுமா?

ஒரு பார் வேண்டாம். 0.3-இல் தொடங்குங்கள், 0.5-ஐத் தாண்டாதீர்கள். சின்ன டீசல் டர்போவைப் போடுகிறவர்கள் உண்டு, ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். டீசல் எக்ஸாஸ்டைவிடப் பெட்ரோல் எக்ஸாஸ்டின் வெப்பம் அதிகம், முழு லோடில் 900 டிகிரியைத் தாண்டும். நீண்ட நேரம் மிதித்தே ஓட்டினால் டர்பைன் ஹவுசிங் விரிசல் விடும். அடுத்து, டீசலுக்கு வைத்த வேஸ்ட்கேட் (பூஸ்ட் ஏறினால் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பும் கதவு) ஸ்பிரிங் ஒரு பார் அளவில்தான் திறக்கும். ஸ்பிரிங் திறக்கும் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்டைக் குறைக்க எந்தக் கன்ட்ரோலராலும் முடியாது. அந்தக் கதவை இயக்கும் ஆக்சுவேட்டரை மாற்றியே ஆக வேண்டும்.

டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு உங்கள் ஊர் கணக்கையே போடுவோம். வெளியே 35 டிகிரி, பூஸ்ட் 0.5 பார், கம்ப்ரெசரின் திறன் 65 சதவீதம். அழுத்தும்போது காற்று 93 டிகிரிக்குச் சூடேறும். அழுத்தம் 50 சதவீதம் ஏறினாலும், சூட்டில் விரிந்துபோவதால் உள்ளே போகும் காற்று 26 சதவீதம்தான் கூடும். இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் அதே பூஸ்டில் 43 சதவீதம்! நாக்கிங்கும் தள்ளிப்போகும். பூஸ்டை ஏற்றும் ஆசை வரும்போதெல்லாம் முதலில் காற்றைக் குளிரவைக்கப் பாருங்கள்.

நாக்கிங் புதுப் பிரச்சினை இல்லை. 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் 10.25 கம்ப்ரெஷனோடு டர்போ வைத்தவர்கள், அதை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தனி டேங்கிலிருந்து பீய்ச்ச வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம். ஒவ்வொரு 0.1 பாருக்கும் இக்னிஷனை ஒன்றரை டிகிரி பின்னால் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். ஆயில் திரும்பும் குழாய் பெருவிரல் தடிமனில், வளைவில்லாமல், எஞ்சின் அடித்தொட்டியான சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரட்டும். டர்போ புகை விடுகிறது என்று வந்த வண்டிகளில் பாதியில் நான் பார்த்தது இந்தக் குழாய்த் தவறுதான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன் அண்ணா. அப்பப்பாவின் மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது, 1098 சிசி. காபரேட்டரைக் கழற்றிவிட்டு நாலு இன்ஜெக்டர் பூட்ட ஏலுமா? 92 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலு இன்ஜெக்டர் வேண்டாம், காரணம் அந்த எஞ்சினின் ஹெட்டில் இருக்கிறது. ஒன்றும் இரண்டும் ஒரே துவாரத்தில் காற்றை உறிஞ்சுகின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றில். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஆகவே முதல் ஜோடியில் 2 உறிஞ்சி முடித்ததும் உடனே 1 உறிஞ்சும், அதன்பின் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் துவாரத்தில் சேரும் பெற்றோலை 2 அள்ளிக்கொண்டு போகும், 1 லீனாக ஓடும். அடுத்த ஜோடியில் 3 அள்ளும், 4 காயும்.

அதே ஏ-சீரிஸ் எஞ்சினை வைத்து 1990களின் முற்பகுதியில் வந்த ரோவர் மினியில், த்ராட்டில் பாடிக்குள் ஒரே ஒரு இன்ஜெக்டரைத்தான் வைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். 48 குதிரைத்திறனுக்கு 5 சிசி வீதம் 240, அதை 0.8-ஆல் வகுத்தால் 300 சிசி. 92 ஒக்டேன் போதும்.

அதற்கு முன் இரண்டு வேலை. பெரும்பாலான மைனர்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றாமல் ஈசியூவை இணைத்தால் அந்த நொடியே போய்விடும். அடுத்து டைனமோ. அது முழு வேகத்தில் தருவதே இருபது ஆம்பியர் அளவு, ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பம்பும் ஈசியூவும் இன்ஜெக்டரும் எப்போதும் கரண்ட் கேட்கும், ஆகவே ஆல்டர்நேட்டர் பூட்டுங்கள். வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம் கூடும்: 14 வோல்ட்டில் ஒரு மில்லிசெகண்ட் என்றால் 10 வோல்ட்டில் இரண்டுக்குப் பக்கம் போகலாம். பூட்டி முடித்ததும் லைட் போட்ட நிலையில் ஐடிலிங்கில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள், அதை வைத்து உங்கள் டெட் டைம் (அந்தத் திறக்கும் நேரம்) அட்டவணையைப் போட்டுவிடலாம்.