அறுந்த முந்தானை

சேர்,
மருதமுனையில் ஒரு நெசவாளர் சங்கத்துக்காகச் சாரி, சாறன் மாதிரிகளைப் படம் எடுத்து மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பிளாப் (படம் போன்ற கோப்பை அப்படியே இட்டுவைக்கும் தரவு வகை) ஆகச் சேமிக்கிறேன். சில படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வருகிறது. நெட் மெதுவென்பதாலாக்கும். போனில் இடமில்லாததால், ஏற்றியவற்றை அழித்துவிடுகிறேன். படங்களை டேட்டாபேஸுக்குள் வைப்பது சரியா, போல்டரில் வைப்பதா?
வாசகி, மருதமுனை

தங்கச்சி,

உள்ளேயா வெளியேயா என்பதற்கு இரண்டு வரி போதும். மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் 2006இல் அளந்து பார்த்ததில், 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவை டேட்டாபேஸுக்குள்ளும், 1 மெகாபைட்டைத் தாண்டியவை கோப்பாக வெளியிலும் நன்றாக ஓடின. உங்களுடையவை எப்படியும் ஓடும், விடுங்கள்.

அந்தச் சாம்பல் நிறத்துக்கு வாருங்கள். நெட்டில் பழி போட்டீர்களே, அதற்குத்தான் ஏச்சு. நெட் மெதுவென்றால் நாளைக்கு முழுதாக வரும். அதே சாரி தினமும் அதே இடத்தில் அறுந்தால், உள்ளே கிடப்பதே அவ்வளவுதான். லெங்த் என்ற கட்டளையைப் போட்டு ஒவ்வொரு படத்தின் நீளத்தையும் எடுத்துப் பாருங்கள். அறுந்தவை எல்லாம் 65,535 பைட் என்று வரிசையாக நிற்கும். பிளாப் தன் நீளத்தை இரண்டே பைட்டில் குறிக்கிறது. அதற்குமேல் எண்ண அதற்குத் தெரியாது. ஜேபெக் வகைப் படம் பெரும்பாலும் மேலிருந்து கீழாக விரிவதால், முதலில் போவது முந்தானை.

கொள்ளாததை ஏற்காத கடுங்கட்டுப்பாட்டு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) இருந்திருந்தால் மைஎஸ்கியூஎல் பிழை சொல்லி மறுத்திருக்கும். 5.7ஆம் பதிப்பு முதல் அது இயல்பாகவே இருக்கிறது. உங்களிடத்தில் யாரோ அணைத்திருக்கிறார்கள், இல்லையேல் உங்களுடையது பழைய பதிப்பு. அப்போது மைஎஸ்கியூஎல் ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு மிச்சத்தை வெட்டி எறியும். உங்கள் திரையோ 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லும்.

அந்தச் சொல்லை நம்பாதீர்கள். எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்க்காதவரை அது சேமிப்பே இல்லை. ஏற்றுமுன் பைட் எண்ணிக்கையையும் ஷா-256 கைரேகையையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) தனி நிரல்களில், அதாவது கொலம்களில், எழுதுங்கள். ஏற்றிய மறுகணம் படத்தை வெளியே எடுத்து, இரண்டையும் மறுகாக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பொருந்தினால் மட்டும் பச்சை எழுத்து.

நிரலை மீடியம்பிளாப் ஆக்குங்கள், 16 மெகாபைட் வரை கொள்ளும். பட்டியல் பக்கத்தில், எல்லா நிரலையும் ஒன்றாக இழுக்கும் செலக்ட் ஸ்டார் வேண்டாம். பெயர் பார்க்க வந்தவருக்கு எதற்கு நூறு படம்? பேக்கப் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியில், படங்களை எழுத்தும் எண்ணுமாக மாற்றி எழுதும் ஹெக்ஸ்-பிளாப் தெரிவைச் சேருங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை.

நிரலைப் பெரிதாக்குவதால் வெட்டுப்பட்டது வளராது, தங்கச்சி. போனில் அழிப்பதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். அழித்தவை போனின் குப்பைத் தொட்டியில் சில நாள்தான் கிடக்கும். எனக்குப் பதில் எழுதமுதல் அங்கே போய்ப் பாருங்கள்.