திராட்சத்தோட்ட உவமையில் கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவர்களுக்கும் முழு நாள் கூலி கொடுத்தது அநியாயம் இல்லையா?

நான் ஞாயிறு பள்ளியில் இந்தப் பாடம் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை இதையே கேட்டுவிடும். "காலையில இருந்து வேலை செஞ்சவங்க பாவம் இல்லையா டீச்சர்?" கேட்க வேண்டிய கேள்விதான். இயேசுவும் அதை மறைக்கவில்லை, கதைக்குள் வரும் வேலையாட்களே அதைக் கேட்கிறார்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தேயு 20:1-16; மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இது கிடையாது. ஒரு வீட்டெஜமான் விடியற்காலையில் போய், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். அப்புறம் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று திரும்பத் திரும்பப் போய் ஆள் எடுக்கிறார். கடைசியாகப் பதினோராம் மணிக்கும் போகிறார், அதாவது நம் கணக்குக்கு மாலை ஐந்து மணி வாக்கில். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் அதே ஒரு பணம்.

அந்த ஐந்து மணிக்கு நின்றவர்களைக் கொஞ்சம் பாருங்கள். பகல் முழுக்க ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். பிரசங்கங்களில் இவர்களைச் சோம்பேறிகளாக்கிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். உவமையில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. அன்றன்றைய கூலியில்தான் அன்றன்றைய சாப்பாடு. கூலிக்காரன் ஏழை, அந்தக் கூலியையே நம்பியிருக்கிறான், பொழுதுபோகுமுன் கொடுத்துவிடு என்று உபாகமம் 24:15 சட்டமே வைத்திருந்தது. மணிக்கணக்குப் பார்த்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைக் கொண்டுபோய் வீட்டில் எத்தனை வயிற்றை நிரப்புவது? எஜமான் மணியை எண்ணவில்லை, அவர்கள் வீட்டு அடுப்பை நினைத்துக் கொடுத்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சரி, காலையில் வந்தவர்களுக்கு என்ன நஷ்டம்? பேசிய கூலி ஒரு காசு குறையாமல் கைக்கு வந்துவிட்டது. அவர்கள் முறுமுறுப்பதைக் கவனியுங்கள்: பகலின் கஷ்டத்தையும் வெயிலையும் தாங்கின எங்களுக்கு இவர்களைச் சமமாக்கிவிட்டீரே! கூலி குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. சமமாக்கியதுதான் உறுத்துகிறது. அதுவும், பிந்தி வந்தவர்கள் தொடங்கி முந்தி வந்தவர்கள் வரை கொடு என்று எஜமானே காரியக்காரனிடம் சொல்கிறார். வரிசையை மாற்றியிருந்தால் காலை ஆட்கள் பணத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், சண்டையே வந்திருக்காது. அடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகவே அந்த வரிசை.

இதைச் சொல்லும் சூழலும் முக்கியம். சற்று முன்புதான் பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தார் (19:27). உவமை முடிந்து சில வசனங்களிலேயே செபெதேயுவின் மனைவி வந்து, சீஷர்களாக இருந்த தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ராஜ்யத்தில் வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்கிறாள். சீஷர்களுக்குள்ளேயே யார் மூத்தவர், யாருக்கு அதிகம் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த தம்பிக்கு அப்பா விருந்து வைத்தபோது, லூக்கா 15-இல் வரும் மூத்த மகனும் இதே கணக்கோடுதான் வீட்டுக்கு வெளியே நிற்கிறான்.

ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860-இல் பொருளாதாரம் பற்றி எழுதிய கட்டுரைகளுக்கு இந்த உவமையின் வார்த்தைகளைத்தான் தலைப்பாக வைத்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி அதைப் படித்தார். வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் ஒரே மதிப்பு என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில், எல்லாரும் சேர்ந்து உழைத்து வாழ டர்பன் அருகே அவர் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு தொடங்கியது.

"அப்படியானால் கடைசி நேரத்தில் மனந்திரும்பினால் போதுமே, இப்போதே ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று அடுத்து கேட்பீர்கள். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, சாகும் நேரத்தில் மனந்திரும்பிய கள்ளனுக்கும் கதவு திறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைய தினம் யாருக்குக் கஷ்டமான தினம்? விடியற்காலையில் போனவனுக்கு வெயில் சுட்டது, ஆனால் சாயங்காலம் கூலி உண்டு என்பது அவனுக்குத் தெரியும். ஐந்து மணி வரை நின்றவன், இன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்ற பயத்திலேயே பகலைக் கழித்தான். தோட்டத்துக்கு வெளியே நின்ற நேரத்தை லாபம் என்று அவனிடம் யாராலும் சொல்ல முடியாது. தேவனோடு வாழ்வதைத் தண்டனை போல நினைத்தால்தான் தாமதமாக வருவது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

இந்த உவமையை மட்டும் தனியாக எடுத்துப் படிக்காதீர்கள். 19:16-இல் வரும் ஐசுவரியமுள்ள வாலிபனிடம் தொடங்கி 20:28 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அநியாயம் என்று தோன்றினால் கருத்தில் எழுதுங்கள், பேசலாம்.