'கோப்பைக் காணவில்லை' என்று பதில் வந்தால்?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியை அளந்து, ஆக்கிரமிப்புகளைக் குறித்த அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டேன். 'கோப்பைக் கண்டறிய இயலவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. அலுவலக வாசலில் மனு எழுதுபவர், ஆறாயிரம் ரூபாய் தந்தால் நகல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆறாயிரத்துக்குக் கிடைக்கும் கோப்பு காணாமல் போகவில்லை. உங்களிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது.

தகவலை எப்போது மறுக்கலாம் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8, 9-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. 'காணவில்லை' என்பது அவற்றில் இல்லவே இல்லை. ஒரு காலத்தில் அரசிடம் இருந்த ஆவணமென்றால் முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரித்துப் பொறுப்பானவரை அடையாளம் காண வேண்டும் என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விதிப்படி காலம் முடிந்து அழிக்கப்பட்ட கோப்பு மட்டும் வேறு. ஆனால் இதைச் சொல்லித்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதால் கவனமாகக் கேளுங்கள். 'அழித்திருக்கலாம்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். கோப்பை முடிக்கும்போதே எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று குறிப்பார்கள். அழித்தால் அதற்கும் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகலைக் கேளுங்கள். கூடவே, அந்தக் கோப்பைக் கையாண்ட எழுத்தரின் தன்பதிவேட்டில் (தன்னிடம் வந்த கடிதங்களையும் கோப்புகளையும் அவர் வரிசையாக எழுதி வைக்கும் பதிவேடு) அது பதியப்பட்ட பக்கத்தையும் கேளுங்கள். கோப்பு மறைந்தாலும் அந்த வரி காட்டிக்கொடுக்கும்.

வாசலில் மனு எழுதும் அந்த நபரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தார். 'கேட்ட தகவல் கிடைத்துவிட்டது' என்று அதே தாளில் எழுதி, விசாரணையன்று நீட்டினார்கள். அவரால் வாயே திறக்க முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது முதல் மேல்முறையீடு. யாருக்கு அனுப்புவது என்பது வந்த பதிலிலேயே இருக்க வேண்டும். 'ஏன் தரவில்லை' என்று சண்டை போட்டு எழுதாமல், எந்த ஆவணம் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். அங்கும் மறுத்தால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தவறு செய்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்தத்தான் தயங்குகிறார்கள். விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருந்து நீங்கள் சோர்ந்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில்தான் இந்த ஒற்றை வரிப் பதில்கள் வருகின்றன.

முதல் மேல்முறையீட்டுக்கு, பதில் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். தபால் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முத்திரையில் தேதி இருக்கிறது.