மின்னியலா, கணினியா? ஒரு மாணவியின் கடிதம்

ஐயா,

வணக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கட்-ஆஃப் 181. அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நானும் காயில் சுற்றுவேன், பிடிக்கும். அரசுப் பொறியியல் கல்லூரியில் ஈ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல்) கிடைத்துவிடும் என்கிறார்கள். தனியார் கல்லூரி என்றால் சி.எஸ்.இ. (கணினி அறிவியல்) கிடைக்கலாம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் எல்லோரும் கம்ப்யூட்டரையே எடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டையும் ஒரே பட்டமாகப் படிக்கலாமாமே? நான் எதை எடுக்கட்டும்? (பெயர், ஊர் வேண்டாம்.)

அன்புள்ள மகளுக்கு,

கவுன்சலிங் சாய்ஸ் பட்டியலில் அரசுக் கல்லூரி ஈ.இ.இ.யை முதலில் போடு என்பேன். காரணம் சொல்கிறேன், மனதுக்கு ஒப்பவில்லை என்றால் மாற்றிக்கொள்.

உங்கள் கடைக்கு இப்போது கரண்டை மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. ஃபேன்கள் ரிப்பேருக்கு வரத் தொடங்கியிருக்கும். அப்பாவைக் கேட்டுக்கொண்டு ஒன்றைக் கழற்றிப் பார். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் அளவுக்கு இழுக்கும், இது 30 வாட்டுக்குப் பக்கத்தில் முடித்துக்கொள்ளும். சுற்றும் பாகமான ரோட்டரில் நிரந்தரக் காந்தம், சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டரில் மூன்று ஃபேஸ் காயில், கூடவே ஒரு சின்ன போர்டு. வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தை அந்த போர்டு டி.சி. ஆக்குகிறது. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று அதிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி முடிவு செய்கிறது. காந்தம் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பல ஃபேன்களில் அதற்கென்று தனி சென்சார் கிடையாது. சுற்றுகிற காந்தம் காயிலில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுமே, அந்த பேக் ஈ.எம்.எஃப்.பை அளந்து கணக்குப் போட்டுக்கொள்கிறது. சுவிட்ச் போட்டதும் சில ஃபேன்கள் இப்படியும் அப்படியும் லேசாக ஆடிவிட்டு அப்புறம்தான் ஓடத் தொடங்கும், பார்த்திருப்பாய். நின்றிருக்கும் ஃபேனில் பேக் ஈ.எம்.எஃப். இல்லை. முதல் தள்ளு தள்ளி, கொஞ்சம் சுற்றிய பிறகுதான் அதற்கு இடம் பிடிபடுகிறது.

அந்த புரோகிராமை எழுதியவருக்கு மோட்டாரும் தெரிந்திருக்க வேண்டும், கோடிங்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர், சோலார் இன்வெர்ட்டர், காற்றாலை என்று எதைத் திறந்தாலும் இதே கதைதான். நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் ஈ.இ.இ. மாணவர்களுக்கு மெஷின்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம், பவர் எலெக்ட்ரானிக்ஸ், மைக்ரோகன்ட்ரோலர் எல்லாம் வருகின்றன. சி.எஸ்.இ.யில் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர் என்று வேறு உலகம், மோட்டார் ஏறக்குறைய வரவே வராது.

நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஈ.இ.இ.யிலிருந்து மென்பொருளுக்குப் போகும் வழி அகலமானது. ஐ.டி. கம்பெனிகள் பெரும்பாலும் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை ஈ.இ.இ. படித்தவரும் எழுதலாம். திரும்பி வரும் வழி குறுகல். யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என நாலு பிரிவுதான், கம்ப்யூட்டருக்கு அதில் இடமில்லை. கோடிங்கை வீட்டு லேப்டாப்பில் பழகிவிடலாம். மெஷின்ஸ் லேபை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்கா பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், அங்குள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1975 முதல் இரண்டும் ஒரே துறையின் பெயரில் இருக்கின்றன. அங்கே முதல் வருடம் முடிகிற சமயத்தில் மேஜரைச் சொன்னால் போதும். இந்த உறவு பழையது. 1937இல் கிளாட் ஷானன் அங்கே மின்னியல் மாணவராக எழுதிய முதுகலை ஆய்வேடுதான், ரிலே சுவிட்ச் சர்க்யூட்டுகளை பூலியன் அல்ஜீப்ரா (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துப் போடும் கணக்கு) கொண்டு வடிவமைக்கலாம் என்று காட்டியது. இன்றைய டிஜிட்டல் சர்க்யூட்டுக்கு அது அடித்தளம். நம் கவுன்சலிங்கில் பதினேழு வயதில், முதல் நாளே பிரிவைச் சொல்லியாக வேண்டும். இது எனக்கு வருத்தம்தான். ஆனால் இருக்கிற ஏற்பாட்டுக்குள் நீயே இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டப்படிப்பை ரெகுலர் படிப்போடு சேர்த்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். சுமை அதிகம் என்பதால் முதல் செமஸ்டரில் வேண்டாம்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள். காயில் சுற்றப் பிடிப்பதும் மெஷின்ஸ் பாடம் பிடிப்பதும் ஒன்றல்ல. அங்கே காம்ப்ளெக்ஸ் எண்ணும் லாப்லாஸும் விடாமல் துரத்தும், எலெக்ட்ரோமேக்னெட்டிக் தியரி பலரை அழ வைத்திருக்கிறது. கவுன்சலிங்குக்கு முன் தினமும் ஒரு மணி நேரம் பைத்தான் எழுதிப் பார். தப்பு எங்கே என்று தேடித் தேடி, சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தாய் என்றால் நான் சொன்னதைத் தள்ளிவிட்டு சி.எஸ்.இ.யையே எடு. அது உனக்கான படிப்பு. சம்பளத்துக்காக மட்டும் எடுக்காதே.

ஏ.ஐ., சைபர் செக்யூரிட்டி என்று புதுப்புதுப் பெயர்களில் வரும் பிரிவுகளுக்கு மயங்க வேண்டாம். சி.எஸ்.இ. பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

பணத்தை நினைத்தும் தயங்காதே. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சாய்ஸ் பட்டியலில் 'இது கிடைக்காது' என்று நீயே எதையும் விட்டுவிடாதே. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆசை வரிசைப்படி போடு.

அதற்கு முன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த அரசுக் கல்லூரிக்கு ஒரு நடை போய்வா. மெஷின்ஸ் லேப் எங்கே என்று கேள். மோட்டார்கள் ஓடுகிற நிலையில் இருக்கின்றனவா, ஒரு செட்டுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மூன்றாம் வருட மாணவர்களிடம் விசாரி. அவர்கள் சொல்வது திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த அரசுக் கல்லூரியை மேலே ஏற்று.