பால்பல்லைச் சேமித்து வைக்கலாமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

என் அக்கா பையனுக்குப் பிறக்கும்போதே உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளந்திருந்தன. 4 மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள், 11 மாதத்தில் அண்ணத்தை. இப்போது வயது 6. ஒன்பது வயதுவாக்கில் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துப் பல் ஈற்றில் வைக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் பையனுக்கு முன்பல் ஆட ஆரம்பித்தது. எப்படித் தெரிந்ததோ, ஒரு கம்பெனியிலிருந்து பேசினார்கள். பால்பல்லுக்குள் ஸ்டெம் செல் இருக்கிறதாம், சேமித்து வைத்தால் இடுப்பைத் தொடவே வேண்டாமாம், அண்ணமே புதிதாக வளருமாம். தவணையில் கட்டலாம் என்கிறார்கள். தாய்மாமன் என்ற முறையில் நானே கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். அக்கா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள், நாலாம் மாதம். அந்தக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் சேர்த்து எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு இதற்குக் காத்திருக்கலாமா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

தள்ளிப்போடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, இந்த ஆராய்ச்சிகளை விடாமல் படித்து வருகிறவன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆபரேஷனுக்கு ஒரு பருவம் உண்டு என்பதில் டாக்டர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனிக்காரர் 'அண்ணமே வளரும்' என்று சொன்னதில்தான் எல்லாம் குழம்பிப்போகிறது. உங்கள் மருமானுக்கு 11 மாதத்தில் அண்ணத்தைத் தைத்தபோது இரண்டு பக்கத்துச் சவ்வையும் தசையையும் இழுத்து நடுவில் சேர்த்தார்கள், எலும்பு எதுவும் வைக்கவில்லை. மேல் ஈற்றில், பற்கள் உட்காரும் அந்த வளைவில், பிளவு ஓடிய இடத்தில் இன்னும் எலும்பு இல்லாத ஒரு இடைவெளி இருக்கும். வெளியே ஈறு மூடியிருப்பதால் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும். அந்த இடைவெளிக்குப் பக்கத்தில்தான் நிரந்தரக் கோரைப்பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது. 11, 12 வயதில் அது கீழே இறங்கும்போது அங்கே எலும்பு இருந்தால் அதற்குள் ஊடுருவி வந்து நிற்கும், இல்லாவிட்டால் தடம் மாறி எங்கேயாவது போய் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கோரைப்பல்லின் வேர் பாதிக்கு மேல் வளர்ந்திருக்கும் பருவம் பார்த்து, சுமார் 8 வயதிலிருந்து 11 வயதுக்குள் எலும்பு வைக்கிறார்கள். அமெரிக்காவில் பாய்ன், சாண்ட்ஸ் இருவரும் 1972-இல் எழுதியது இந்த முறையைப் பற்றித்தான், இன்றைக்கும் உலகம் முழுக்க அடிப்படை அதுவே. கைக்குழந்தையாக இருக்கும்போதே வைத்தால் மேல்தாடை வளர்ச்சி குன்றுகிறது என்று பார்த்துவிட்டார்கள், கோரைப்பல் வந்தபிறகு வைத்தால் பலன் குறைகிறது.

இடுப்பிலிருந்து எடுப்பது என்றதும் வீட்டில் எல்லாரும் பயந்திருப்பீர்கள். உண்மையில் எலும்பைத் துண்டாக வெட்டி எடுப்பதில்லை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் சின்னதாகத் திறந்து, உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற எலும்பைக் கரண்டிமாதிரி ஒரு கருவியால் சுரண்டி எடுக்கிறார்கள். சிவப்பாக, ஈரமாக, மஜ்ஜையோடு வரும். பையன் சில நாள் நொண்டி நடப்பான், வலிக்கும். ஸ்டெம் செல்லை, அதாவது எலும்பு மாதிரி வேறு செல்லாக மாறக்கூடிய செல்லை, வைத்துப் பிரேசிலிலும் ஜப்பானிலும் இத்தனை பேர் மெனக்கெடுவது பெரும்பாலும் அந்த வலியையும் அந்த இரண்டாவது காயத்தையும் தவிர்ப்பதற்காகத்தான், அண்ணத்தை வளர்த்தெடுப்பதற்காக இல்லை.

புது எலும்பு உருவாக மூன்று வேண்டும்: எலும்பாக மாறக்கூடிய செல், அது பற்றிப் படர ஒரு பந்தல், 'வளரு' என்று தூண்டும் புரதங்கள். சுரண்டி எடுத்த அந்த இடுப்பெலும்பில் மூன்றும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன, அதுவும் அவனுடைய சொந்த உடம்பிலிருந்து. திசுப் பொறியியல் என்று பெரிய பெயரில் செய்வது இந்த மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவந்து சேர்ப்பதைத்தான். சரி, சேர்ந்ததா? ஓரளவு சேர்ந்தது. 2006-இல் ஜப்பானில் ஹிபி குழுவினர் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை அவளுடைய ரத்தத்திலிருந்தே பிரித்த பிளேட்லெட் கூழோடு சேர்த்து வைத்தார்கள். 9 மாதத்தில் இடைவெளியில் 79 சதவீதம் எலும்பு நிறைந்தது, பக்கத்துப் பற்களும் அதற்குள் இறங்கி வந்தன. அருமையான முடிவு, ஆனால் ஒரே ஒரு குழந்தை. ஈரானில் பெஹ்னியா குழுவினர் 2009-இல் இரண்டு பேருக்கு வேறு பந்தலில் செய்து பார்த்தபோது ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்தது, இன்னொருவருக்கு அதைவிடக் குறைவு. பந்தல் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது, பாருங்கள்.

இனி பால்பல். 2003-இல் அமெரிக்காவில் சாங்டாவ் ஷியின் குழு விழுந்த பால்பல்லின் கூழில், அதாவது பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசுவில், ஸ்டெம் செல் இருப்பதைக் காட்டியது. தன் மகளின் பல் விழுந்தபோது ஷிக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அதை ஈற்றுப் பிளவுக்குக் கொண்டுபோனது பிரேசிலின் சாவோ பாலோ குழு. பிளவுள்ள குழந்தைகளின் பால்பல்லிலிருந்து செல்லை எடுத்து வளர்த்து, கொலாஜனும் எலும்புத் தாதுவும் கலந்த பந்தலில் ஏற்றி வைக்கிறார்கள். இடுப்பெலும்போடு ஒப்பிடத்தக்க அளவுக்கு எலும்பு நிறைந்ததாக 2020-இல் எழுதியிருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் சின்னக் கூட்டத்தில் செய்த சோதனை, நம் ஊர் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் கிடைக்கும் சிகிச்சை இல்லை.

அப்புறம் உங்கள் கம்பெனிக்காரர் சொல்லாமல் விட்ட ஒன்று. எலும்பு வைக்கும் 9, 10 வயதில் பையன் வாயில் பால் கடைவாய்ப்பற்களும் பால் கோரைப்பற்களும் பெரும்பாலும் இன்னும் இருக்கும், அவை விழுவதே 9-இலிருந்து 12 வயதுக்குள்தான். ஒருவேளை அதற்குள் இந்தச் சிகிச்சை இங்கே வந்துவிட்டாலும் பல்லுக்குப் பஞ்சம் இருக்காது, இன்றைக்கு ஆடும் முன்பல்லை நைட்ரஜனில் உறையவைத்துத் தவணை கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இது போதாதென்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள் தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர மற்ற எதையும் வணிகரீதியாகச் சேமிக்க அனுமதியில்லை என்கின்றன. பல்லின் கூழும் அந்த 'மற்ற எதையும்'-இல் அடக்கம். அந்தக் கம்பெனிக்காரரிடம் எந்த உரிமத்தின் கீழ் நடத்துகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், அதற்கப்புறம் போன் வருகிறதா பார்ப்போம்.

தொப்புள்கொடி ரத்தம் சட்டப்படி சரி. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் ரத்தத்தை உண்டாக்கும் செல்கள்தான், எலும்பாக மாறக்கூடியவை சொற்பம். கொலம்பியாவின் போகோட்டாவில் ஒரு பெண்குழந்தைக்கு, பிளவு இருப்பது வயிற்றில் இருக்கும்போதே தெரிந்ததால், அவளுடைய ரத்தத்தைச் சேமித்து உதட்டு ஆபரேஷனின்போதே வைத்தார்கள், 5 வயதில் எலும்பு நன்றாக இருந்ததாக எழுதினார்கள். அது அவளுக்கு அவளுடைய சொந்த ரத்தம். தம்பியோ தங்கையோ பிறந்து அந்த ரத்தத்தில் அண்ணனுக்கு எலும்பு வளரும் என்பது வேறு கதை, அதை யாரும் நிரூபிக்கவில்லை.

செல்லே வேண்டாம், தூண்டும் புரதத்தை மட்டும் வைத்தால் போதும் என்றும் ஒரு வழி உண்டு. பிஎம்பி-2 என்பார்கள், உங்கள் டாக்டர் சொன்னாலும் சொல்வார். எலும்பு வளர்கிறது, ஆனால் வீக்கம் அதிகம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. அவர் சொன்னால் இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முழு அண்ணத்தையே திருத்துவது இன்னும் எலி, முயல் அளவில்தான் நிற்கிறது. 2017-இல் ரீனா டிசூசா குழுவினர் தாய் எலிக்கு மருந்து கொடுத்துக் கருவிலேயே அண்ணப் பிளவை மூடவைத்தார்கள், ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறுள்ள எலிகளில். ஸ்பெயினின் கிரனாடாவில் ஆய்வகத்தில் வளர்த்த வாய்ச்சவ்வை முயலின் அண்ணத்தில் போர்த்தி, தழும்பால் எலும்பு வளர்ச்சி கெடாமல் காக்க முடியுமா என்று பார்த்தார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. உங்கள் மருமான் மூன்றாவது போகும்போது கிடைக்காது.

கையில் பணம் இருக்கிறது, தாய்மாமன் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், பேச்சுக்குச் செய்யுங்கள். பையனை 'பாப்பா, பாப்பா' என்று சொல்லச் சொல்லி மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது, மென்னண்ணத் தசை (அண்ணத்தின் பின்பக்க மெத்தென்ற பகுதி) சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். 'பாப்பா' என்பது கிட்டத்தட்ட 'மாம்மா' என்று கேட்கும். இதற்கு எந்த ஸ்டெம் செல்லும் இல்லை, பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறார், தேவைப்பட்டால் இன்னொரு சின்ன ஆபரேஷனும் இருக்கிறது. காதையும் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம், கூப்பிட்டால் திரும்பாததைக் குறும்பு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருப்போம். பிளவுக்குப் பக்கத்துப் பற்களைச் சொத்தையில்லாமல் காப்பாற்றுங்கள். 7 வயதில் ஒரு முறை பல் கிளிப் போடும் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துக் கோரைப்பல் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள், எலும்பு வைக்கும் முன் மேல்தாடையைக் கொஞ்சம் விரிக்க வேண்டியிருக்கும். செலவு கையைக் கடித்தால், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவு பட்டியலிலேயே இருக்கிறது, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம்.

அக்கா விஷயம். பெரியவர்கள் யாராவது கிரகணத்தைக் காரணம் காட்டி அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் நடுவில் புகுந்து தடுங்கள். உலக அளவில் ஏறக்குறைய 700 பிறப்புகளில் ஒன்று இப்படி ஆகிறது, கிரகணத்துக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்காத நாடுகளையும் சேர்த்துத்தான். முதல் குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது மட்டும் உண்மை, நூற்றுக்கு நாலைந்து என்ற அளவில். ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும், அண்ணத்தில் மட்டும் இருந்தால் தவறிப்போகலாம். போகும்போது மூத்தவனுக்கு இருந்ததை ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள், முகத்தை நின்று நிதானமாகப் பார்ப்பார்.