மருந்து தெளித்தும் உண்ணி போகவில்லையா? கட்டுத்தரையைப் பாருங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கட்டுத்தரையில் இரண்டு ஜெர்சிக் கலப்பினப் பசு, ஒரு கிடாரிக் கன்று, ஒரு காங்கேயம் மாடு. காவலுக்கு ஒரு நாய். மாதம் ஒரு தடவை கடையில் கொடுக்கும் உண்ணி மருந்தைத் தெளிக்கிறேன். பத்துப் பதினைந்து நாள் சுத்தமாக இருக்கிறது, அப்புறம் பழையபடி ஏறிவிடுகிறது. போன மாதம் ஒரு ஜெர்சி காய்ச்சலில் படுத்து, மூத்திரம் காபி நிறத்தில் போனது. டாக்டர் ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டது. இப்போது பேரனின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. அவனுக்கு ஏதாவது வருமா? காங்கேயம் மாட்டில் மட்டும் ஏன் அவ்வளவாக ஏறுவதில்லை? அந்தப் பாலைக் குடிக்கலாமா?

பதில்:

முதலில் பேரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் அம்மா. ஒரு உண்ணி கடித்ததாலேயே நோய் வந்துவிடாது. பெரும்பாலான கடிகள் நாலு நாள் அரிப்போடு போய்விடும். உண்ணியை எடுக்கும் விதம்தான் முக்கியம். மண்ணெண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது, விரலால் திருகிப் பிய்ப்பது எதுவும் வேண்டாம். சூடு பட்டால் அது வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கும் வாய்ப்பு உண்டு. கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, நேராக, நிதானமாக இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். மாட்டிலிருந்து பிடுங்கியதையும்தான். 2011இல் குஜராத்தில் இருப்பது உறுதிசெய்யப்பட்ட கிரிமியன் காங்கோ என்ற வைரஸ் காய்ச்சல் உண்ணிக் கடியால் மட்டுமல்ல, நசுக்கிய உண்ணியின் சாறும் நோயுற்ற கால்நடையின் இரத்தமும் பட்டாலும் தொற்றும். உங்கள் ஊரில் அது இருக்கிறது என்று சொல்லவில்லை. பழக்கம் சரியாக இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடிவிட்டால் போதும்.

அடுத்த இரண்டு வாரம் பையனைக் கவனியுங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவும் சிவப்புத் தடிப்பு என்று வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, உண்ணி கடித்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாயுண்ணி பரப்பும் உண்ணிக் காய்ச்சல் ரிக்கெட்சியா என்ற கிருமியால் வருவது. அதற்கு டாக்ஸிசைக்ளின் நன்றாக வேலை செய்யும், ஆனால் தாமதிக்கக் கூடாது. சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாலைந்து நாள் வீணாகிவிடும். மழை முடிந்த மாதங்களில் வரும் ஸ்க்ரப் டைபஸ் இதற்கு நெருங்கிய உறவு. அதைப் பரப்புவது உண்ணி இல்லை, புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தேடிப் பாருங்கள்.

குரங்குக் காய்ச்சல் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் அது. 2012இல் பந்திப்பூர் வரை வந்தது தெரிந்தது. பந்திப்பூர் நம் சத்தியமங்கலம், தாளவாடிக் காடுகளுக்குப் பக்கம்தான். அதைப் பரப்புவது வேறு வகைக் காட்டுண்ணி. காங்கேயத்துச் சமவெளியில் இருக்கும் நீங்கள் அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மலைக்காட்டுக்குள் போகிறவர்கள் செத்துக் கிடக்கும் குரங்கைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

சரி, இனி கட்டுத்தரைக்கு வருவோம். உங்கள் சிக்கலுக்குக் காரணம் மருந்தை விட நாள்கணக்கு.

மாட்டில் அதிகம் காணும் உண்ணி பூஃபிலஸ் வகை. அது வாழ்நாளில் ஒரே ஒரு மாட்டில்தான் ஏறும். ஏறும்போது ஆறு காலுள்ள குஞ்சு, கடுகை விடச் சிறியது, உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதே மாட்டில் இரத்தம் குடித்து, இரண்டு முறை தோல் உரித்து, இணை சேர்ந்து, ஏறக்குறைய 21ஆம் நாளில் பெண் உண்ணி ஆமணக்கு விதை போல உப்பிக் கீழே விழுகிறது. உப்புவது கடைசி ஓரிரு நாளில்தான். அதாவது "அட, உண்ணி ஏறிவிட்டதே" என்று நீங்கள் பார்க்கும்போது அது இறங்கப் புறப்பட்டுவிட்டது. விழுந்ததும் சுவர் இடுக்கிலோ, சாணக் குவியலுக்கு அடியிலோ, தட்டுப்போர் ஓரத்திலோ ஒதுங்கி 2000, 3000 முட்டை இட்டுச் செத்துப்போகும். சில வாரத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் புல் நுனியிலும் முளைக்குச்சியிலும் கொத்தாக ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். உண்ணிக்குத் தாவவும் பறக்கவும் தெரியாது. மூச்சுக் காற்றையும் உடல் சூட்டையும் முன்னங்காலில் உள்ள உறுப்பால் உணர்ந்து, உரசிப் போகும் மாட்டைப் பற்றிக்கொள்ளும். ஈரமும் நிழலும் இருந்தால் இரை இல்லாமலே இரண்டு மூன்று மாதம் காத்துக்கிடக்கும்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். மருந்தின் வீரியம் சில நாளில் குறைந்துவிடும். ஐந்தாறு நாள் கழித்து ஏறிய குஞ்சு 26, 27ஆம் நாளில் முட்டையோடு இறங்கிவிடுகிறது. நீங்களோ 30ஆம் நாள் தெளிக்கிறீர்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு தலைமுறை தப்பிக்கிறது. 15 நாளுக்கு ஒரு முறை என்று தொடர்ந்து ஐந்து சுற்று தெளியுங்கள். எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் தெளிக்க வேண்டும். "இதில் உண்ணி இல்லையே" என்று ஒன்றை விட்டால் அதுவே அடுத்த விதைக்காடாகிவிடும். ஐந்து சுற்றுக்குப் பின் நிறுத்தி, பார்த்துப் பார்த்துத் தெளித்தால் போதும்.

தெளிப்பதிலும் பலர் முதுகை மட்டும் நனைத்து விட்டுவிடுகிறார்கள். உண்ணி விரும்பும் இடம் காதின் உட்புறம், தாடைத் தொங்கல், மடி, தொடை இடுக்கு, வால் அடி. ஒரு பசு முழுக்க நனைய இரண்டு மூன்று லிட்டர் கலவையாவது வேண்டும். அளவைச் சீட்டில் உள்ளபடியே கலக்குங்கள். மிச்சம் பிடித்துத் தண்ணீர் கூட்டினால் சாகாமல் பிழைக்கும் உண்ணிகளின் பிள்ளைகள்தான் மருந்துக்கு அசையாத கூட்டமாக வளர்கின்றன. முன்னதாக மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுங்கள், தாகத்தில் உடம்பை நக்காது. உச்சி வெயிலில் வேண்டாம். கையுறை, முகத்துணி கட்டாயம். காய்ந்த பிறகு மடியைக் கழுவித்தான் கன்றை விட வேண்டும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டுக்கு அடிப்பது கொலைக்குச் சமம். அந்த விஷத்தில் நுரை தள்ளிச் செத்த மாடுகளுக்கு எந்த உண்ணிக் காய்ச்சலும் வந்திருக்கவில்லை.

கடையில் மருந்தை மாற்றிக் கேட்பவர்களும் ஏமாறுகிறார்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃபுளுமெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம். டப்பாவின் பெயர் மாறினாலும் ஒன்றுக்கு அசையாத உண்ணி பெரும்பாலும் மற்றதற்கும் அசையாது. அமிட்ராஸ் வேறு குடும்பம். ஐவர்மெக்டின் ஊசி இன்னொரு குடும்பம், ஆனால் கறவை மாட்டுக்கு அதை டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்து வடிகட்டித் தெளிக்கும் மூலிகைக் கரைசலையும் சுற்றுகளுக்கு நடுவே சேர்க்கலாம். உண்ணி குறைவாக இருக்கும்போது அது உதவும். காய்ச்சலில் படுத்த மாட்டை அதை நம்பி வைத்திருக்காதீர்கள்.

உண்ணிக் கூட்டத்தின் பெரும்பகுதி எந்நேரமும் தரையில்தான் இருக்கிறது, மாட்டில் இருப்பது கொஞ்சம். ஆகவே தெளிக்கும் அன்றே சுவர் வெடிப்பு, தீவனத்தொட்டியின் அடி, கல்தூண் இடுக்கு எல்லாவற்றிலும் மருந்தைப் பீய்ச்சுங்கள். வெடிப்பைச் சிமெண்டால் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். எருக்குழி கட்டுத்தரையை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள். நாட்டுக்கோழி நாலு மேய்ந்தால் விழும் உண்ணியைப் பொறுக்கும், நல்லதுதான். ஆனால் கோழிக்கென்று தனி உண்ணி உண்டு. பகலில் கூண்டு இடுக்கில் ஒளிந்து இரவில் குடிக்கும். கூண்டையும் பாருங்கள்.

மேய்ச்சலைப் பொறுத்தவரை நம் முன்னோர் வைத்திருந்த ஏற்பாடு அருமையானது. கொரங்காடு என்னும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தைக் கிளுவை வேலி போட்டுப் பல துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். கொழுக்கட்டைப்புல் தழைக்கத்தான் அப்படிச் செய்தார்கள், உண்ணிக்கும் அதுவே வைத்தியம். பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மாதம் சும்மா கிடக்கும் காட்டில் குஞ்சுகள் காய்ந்து சாகும். மாறாக, தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் நேப்பியர் புல் வயலுக்குள் மாட்டை விட்டால், வருடம் முழுவதும் உண்ணிக்கு ஈரமும் நிழலும் நாமே கொடுக்கிறோம். அங்கே அறுத்துப் போடுவதே நல்லது. நம் பக்கம் ஐப்பசி மழைக்குப் பின் உண்ணி பெருகும். புரட்டாசியிலேயே முதல் சுற்றைத் தொடங்கிவிடுங்கள்.

காங்கேயம் மாட்டின் தோலும் குட்டை முடியும் மட்டும் காரணமில்லை. உண்ணி கடிக்கும் இடத்தில் அதன் உடம்பு எதிர்ப்பைக் காட்டுகிறது. ஏறும் குஞ்சுகளில் மிகச் சிலவே உப்பும் வரை தாக்குப்பிடிக்கின்றன. சின்ன வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உண்ணிக் கடி வாங்கி, அவை சுமக்கும் கிருமிகளையும் பழகிக்கொள்கிறது. அதனால் நாட்டு மாட்டில் ஓரிரு உண்ணி இருப்பதை நான் கெட்டதாக நினைப்பதில்லை. ஜெர்சியின் கதை வேறு. கருங்கல்பாளையம் சந்தையில் புதுக் கறவை வாங்கினால் மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, மருந்து தெளித்து, தினமும் காய்ச்சல் பார்த்து, அப்புறம் சேருங்கள்.

உங்கள் பசுவுக்கு வந்தது பெரும்பாலும் பபீசியா என்ற இரத்தக் கிருமிக் காய்ச்சல். 1893இல் அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் இந்தக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கிருமி போவதையும் காட்டினார்கள். ஆகவே உங்கள் கட்டுத்தரையில் இப்போது பொரிக்கும் குஞ்சுகளில் சில அதைச் சுமந்திருக்கலாம். சிவப்பணு உடைவதால் மூத்திரம் காபி நிறமாகிறது. ஆனால் கன்று ஈன்ற சில வாரத்தில் பாஸ்பரஸ் குறைவாலும் இதே நிறம் வரும், அதற்கு மருந்து வேறு. காய்ச்சல் உண்டா என்று பார்ப்பதும், ஊசிக்கு முன் காது நரம்பிலிருந்து இரத்தத் துளி எடுத்துச் சோதிப்பதும் அதனால்தான் முக்கியம். மூத்திரம் நிறம் மாறாமல், கண் வெளுத்து மஞ்சளித்து, சாணம் இறுகினால் அனப்ளாஸ்மா. தோளுக்கு முன்னும் காதடியிலும் கட்டி போல நெறி வீங்கி, காய்ச்சல் 104, 105 டிகிரிக்கு ஏறினால் தைலேரியா. இதைப் பரப்புவது ஹையலோமா என்ற, வரிக்கால் உள்ள பெரிய உண்ணி. இந்த மூன்று காய்ச்சலில் கலப்பினக் கன்றுகளை அதிகம் கொல்வது தைலேரியாதான். உங்கள் கிடாரிக்குத் தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் மூன்று வேறு மருந்து. எந்த அறிகுறி தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை அவசர உதவி எண் 1962க்கு அழையுங்கள்.

நாயுண்ணி தனி இனம். ஒவ்வொரு பருவத்துக்கும் நாயை விட்டு இறங்கி, சுவரில் மேல்நோக்கி ஏறி ஒளியும். பேரன் காதில் இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். நாய் படுக்கும் திண்ணை, சாக்கு, கூரை இடுக்கு எல்லாம் சுத்தமாகட்டும். மாட்டு மருந்தை நாய்க்குத் தடவாதீர்கள். நாய்க்கென்றே மாத்திரை இருக்கிறது, டாக்டர் எடை பார்த்துத் தருவார். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், மூக்கில் இரத்தம் வந்தால் நாயுண்ணி பரப்பும் எர்லிகியா என்ற நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

பாலைப் பொறுத்தவரை, பபீசியாவோ தைலேரியாவோ மாட்டுப் பால் வழியாக மனிதருக்கு வராது. ஆனால் ஊசி போட்ட பசுவின் பாலை, டாக்டர் சொல்லும் நாள் வரை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். அதன் பிறகு வழக்கம் போலக் காய்ச்சிக் குடிக்கலாம்.